கொந்தளிக்கும் கடல் என்று பெயர் கொண்டவருக்கு

பெரியவர் கூபலதால்டின் அவர்களுக்கு,

மேலே உள்ள ஒற்றை வரியை எழுதுவதற்குள் மூன்று தாள் கிழித்தாயிற்று. காரணம் பெயர்தான். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களில் பல சமூகங்களில் இறந்தவர் பெயரை உரக்கச் சொல்வதில்லை, படத்தைக் காட்டுவதில்லை. அங்கே தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கும்போதே அதற்கென்று ஓர் எச்சரிக்கை போடுவார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தது 1985இல். பெயர் சொன்னால் தப்பாகிவிடுமோ என்று ஒரு தாளில் 'அன்புள்ள ஓவியருக்கு' என்று எழுதிப் பார்த்தேன். பாக்கி கேட்டுக் கடிதம் எழுதுவதுபோல இருந்தது. பிறகு எதிரில் கிடந்த உங்கள் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தேன். 'டிக் ரஃப்சி' என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். உங்கள் தன்வரலாற்றில் கூபலதால்டின் என்றும் போட்டிருக்கிறீர்கள். கொந்தளிக்கும் கடல் என்று அதற்குப் பொருள் என்கிறார்கள். அந்தப் பொருளை ஆங்கிலத்தில் சொல்லப்போய்த்தான் 'ரஃப்சி' வந்ததாம். இந்த மடலில் பாதி பெயரைப் பற்றியது என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னையில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். உலகத்துப் பழங்குடிக் கதைகளை வரிசையாகப் போடப்போவதாகவும், ஒவ்வொன்றும் 24 பக்கம், பக்கம் நிறையப் படம், ஆஸ்திரேலியக் கதை என் பங்கு என்றும் சொன்னார்கள். கதை இரண்டு பக்க டைப்பாக வந்தது. முன்னொரு காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஒரு காட்டில் வானவில் நிறத்தில் ஒரு பொல்லாத பாம்பு இருந்தது என்று ஆரம்பம். சொல்பேச்சுக் கேட்காத இரண்டு பையன்களை அது விழுங்கிவிடுகிறது. ஊரார் அதன் வயிற்றைக் கிழித்துப் பையன்களை மீட்கிறார்கள். முடிவில் தடித்த எழுத்தில் நீதி: பெரியோர் சொல் கேட்க வேண்டும். எந்த ஊர்க் கதை, யார் சொன்னது என்று ஒரு சொல் இல்லை.

நானும் கேட்கவில்லை. அதுதான் இந்த மடலுக்குக் காரணம். இணையத்தைத் திறந்தேன். பூர்வகுடி ஓவியம் என்று தேடினால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்து விழுந்தது. புள்ளியா, கோலத்தோடு பிறந்தவளுக்கு அது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பாக்கெட் காது குடையும் பஞ்சுக்குச்சி வாங்கி, அக்ரிலிக்கில் தோய்த்துத் தோய்த்து, பாம்பின் உடம்பெல்லாம் புள்ளி வைத்தேன். பின்னால் அந்தச் சிவப்புப் பாறை, உலூரு. ஒரு மூலையில் கங்காரு, இன்னொரு மூலையில் பூமராங். பதினொரு படம் முடித்தேன். அழகாகத்தான் இருந்தன. அழகாக இருந்ததுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்தச் சமயத்தில் பிரிஸ்பேனில் இருக்கும் பெரியம்மா மகள், எங்கள் சாந்தி அக்கா, விடுமுறைக்கு வந்தாள். பெட்டியிலிருந்து மற்ற சாமான்களோடு ஒரு பழைய படப்புத்தகத்தையும் எடுத்துப் போட்டாள். ஏதோ ஒரு நூலகம் கழித்துவிட்ட பிரதி. முதுகில் பழுப்பேறிய டேப். உள்பக்கத்தில் 'கழிக்கப்பட்டது' என்று சாய்வாக ஒரு முத்திரை. மழை பெய்யும் பக்கத்தில் எந்தக் குழந்தையோ மெழுகுப் பென்சிலால் ஒரு பச்சைக் கோடு இழுத்திருந்தது. நீங்கள் எழுதி வரைந்த வானவில் பாம்பு. 1975இல் வந்தது. மறு ஆண்டே ஆஸ்திரேலியக் குழந்தைகள் புத்தக மன்றம் அந்த ஆண்டின் சிறந்த படப்புத்தகம் என்று பரிசளித்தது.

நான் வரைந்துகொண்டிருந்த அதே கதை. அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

ஐயா, உங்கள் படங்களில் என்னை முதலில் அசைத்தது அளவுதான். நாங்கள் பாத்திரத்தைப் பெரிதாகப் போட்டுப் பழகியவர்கள். முகம் தெரிய வேண்டும், கண் தெரிய வேண்டும், சிரிப்பு தெரிய வேண்டும், மீதி இடத்தில் இரண்டு மரம். உங்களிடம் நிலம்தான் பெரிது. ஆட்கள் நகக்கண் அளவில் நிற்கிறார்கள், ஓடுகிறார்கள், உடம்பில் வெள்ளைக் கோடு தீட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். அந்த அளவிலும் யார் களைத்திருக்கிறார், யார் பயந்திருக்கிறார் என்று முதுகின் வளைவிலேயே தெரிகிறது. நிலத்தைப் பின்புலமாக வரைந்தவள் நான். நீங்கள் அதைக் கதாநாயகனாக வரைந்திருந்தீர்கள். கதையே அதுதானே. கூரியல்லா என்ற அந்தப் பெரும்பாம்பு தன் இனத்தாரைத் தேடித் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அப்போது மலை இல்லை, மரம் இல்லை, விலங்கு இல்லை. தட்டை நிலம். பாம்பு ஊர்ந்த தடமே பள்ளத்தாக்கும் ஓடையும் அல்லிப் பொய்கையும் ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, போய்ப் பார்க்கத்தக்க இடம் உண்டு. நமது தலபுராணத்தில் இந்தக் குளம் ஏன் இங்கே, இந்தப் பாறை ஏன் இப்படி என்று சொல்வார்களே, அந்த மாதிரி. என் கைக்கு வந்த கதையிலோ 'ஆஸ்திரேலியாவில் ஒரு காட்டில்'. மதுரைக் கதையை 'இந்தியாவில் ஒரு கோயிலில்' என்று சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

அடுத்தது, பொல்லாத பாம்பு இல்லை அது. தன் ஆட்களைக் கண்டுபிடித்ததும் கூரியல்லா அவர்களுக்கு ஒழுங்காக அலங்காரம் செய்துகொள்ளவும் ஆடவும் கற்றுத்தருகிறது. பிறகு மழை வருகிறது. எல்லாரும் குடிலுக்குள் போய்விட, பில்-பில் சகோதரர்கள் இரண்டு பேருக்கு ஒண்ட இடமில்லை. பாட்டியிடம் கேட்கிறார்கள். நட்சத்திரப் பாட்டி. அவள் குடிலில் நாய்கள் அதிகம், இடமில்லை என்கிறாள். கூரியல்லாவும் இடமில்லை என்கிறது. மழை வலுக்கிறது. பையன்கள் திரும்பி வந்து கெஞ்சுகிறார்கள். சரி, வாருங்கள் என்கிறது. குடிலென்று நம்பி ஓடிப்போய் நுழைகிறார்கள். அது வாய்.

விழுங்கிய பிறகு பாம்புக்குக் கவலை வந்துவிடுகிறது: விடிந்தால் ஊர் என்ன சொல்லும்? இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உலகத்தைப் படைக்கிற ஒரு பெரும்பொருள் நம் வீட்டு மனுஷி மாதிரி நாலு பேர் பேச்சுக்குப் பயந்து இரவோடு இரவாக வடக்கே இருக்கும் மலைக்கு நழுவுகிறது. அந்தக் கவலையை நீங்கள் அழிக்கவில்லை, விளக்கவும் இல்லை. காலையில் தடத்தைப் பார்த்து ஊரார் புரிந்துகொள்கிறார்கள், துரத்துகிறார்கள், தூங்கும் பாம்பின் விலாவைக் கிழிக்கிறார்கள். வெளியே பையன்கள் வரவில்லை. பல வண்ணக் கிளிகள் இரண்டு பறந்து போகின்றன. விழித்தெழுந்த கூரியல்லா வலியிலும் கோபத்திலும் மலையைப் பிய்த்து எறிகிறது. விழுந்த துண்டுகள் இன்றைய குன்றுகள். தப்பி ஓடியவர்கள் பறவையும் விலங்குமாகிறார்கள். பாம்பு கடலுக்குள் இறங்கிவிடுகிறது. எரிநட்சத்திரம் அதன் கண் என்று ஒரு சொல்லோடு முடிகிறது.

யார் குற்றவாளி இதில்? நாய்களுக்காகப் பேரன்களை வெளியே நிறுத்திய பாட்டியா? விழுங்கியதா? கிழித்தவர்களா? சாந்தி அக்காவின் மகள், அப்போது ஏழு வயது, 'பாட்டிக்குத் தண்டனையே இல்லையா?' என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். அரை மணி நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தடித்த எழுத்து நீதி அவளை அரை நிமிடம்கூட நிறுத்தியிருக்காது.

உங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். கார்ப்பெண்டாரியா வளைகுடாவில் மார்னிங்டன் தீவு. லார்டில் மக்கள். 1914இல் பிரஸ்பிட்டேரியன் மிஷன் அங்கே வந்தது. பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதியில் வளர்த்தார்கள். நீங்களும் அந்த விடுதியில் இருந்தவர். பிறகு மாட்டுப் பண்ணைகளில் வேலை, கப்பலில் வேலை. 1962இல் நிலப்பகுதியில் கரும்பா என்ற துறைமுக ஊரில் ஒரு விருந்தினர் விடுதியில் எடுபிடி வேலையில் இருந்தபோது பெர்சி டிரெசைஸ் என்ற விமானியைச் சந்தித்தீர்கள். (கரும்பா என்றதும் எனக்கு ஒரு நிமிடம் கரும்புத் தோட்டம் மனசில் வந்தது. இல்லை, மீன்பிடி ஊர்.) அவரும் ஓவியர். அவர் தூண்டுதலில் மரப்பட்டையில் வரையத் தொடங்கி, பின்னால் மேற்கத்திய வண்ணங்களுக்கும் வந்தீர்கள். அவரை உங்கள் முறைப்படி சகோதரராக ஏற்றுக்கொண்டீர்கள். இருவருமாகக் கேப் யார்க் தீபகற்பத்தில் லாரா ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குகைகளைத் தேடித் தேடி அலைந்தீர்கள். செங்காவியில் வரைந்த குவின்கின் என்னும் ஆவிகள் அங்கே பாறையில் நிற்கின்றன. நெட்டையாக ஒரு வகை, தொந்தியோடு குட்டையாக ஒரு வகை. அந்தக் குவின்கின்களைப் பற்றி இருவரும் சேர்ந்து செய்த புத்தகத்துக்கு 1979இல் மறுபடி அதே பரிசு.

இதற்கிடையில் 1971இல் தன்வரலாறு. 1973இல் ஆஸ்திரேலியக் கலை மன்றத்தின் பூர்வகுடிக் கலை வாரியத்துக்கு முதல் தலைவர். விடுதியில் எடுபிடியாக இருந்தவர் பதினோராவது ஆண்டில் அந்த நாற்காலியில். உங்கள் மனைவி எல்சி அவர்களும் 1984இல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். ஒரே வீட்டில் இரண்டு தன்வரலாறு. எங்கள் எழுத்தாளர் வீடுகளில்கூட அது அபூர்வம்.

பெயர் போடுவது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பேர் கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இது தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பூர்வகுடிக் கதைகளைப் பொதுவாசகருக்குக் கொண்டுவந்த முதல் புத்தகங்களில் ஒன்று 1896இல் வந்தது. நியூ சவுத் வேல்ஸில் நாரன் ஆற்றோரப் பண்ணையில் வாழ்ந்த கே. லாங்லோ பார்க்கர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, அக்கம்பக்கத்துப் பூர்வகுடி மக்களிடம் பொறுமையாகக் கேட்டு எழுதியது. நல்ல மனதோடு செய்த வேலைதான். அதில் படங்கள் டாமி மெக்ரே வரைந்தவை. மரே ஆற்றுப் பக்கத்துக்காரர், பேனா மையில் நிழலுருவமாக ஆட்களை வரைவதில் அசகாய சூரர். ஆடுகிறவர்களின் கால் தரையில் படாதது மாதிரியே இருக்கும். புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. 'சுதேசி ஓவியர் ஒருவர்' என்பதோடு சரி.

இன்னொருவர் டேவிட் உனைப்பன். தென் ஆஸ்திரேலியாவின் நாரின்ட்ஜெரி மக்களில் பிறந்தவர், கண்டுபிடிப்பாளர், பேச்சாளர். 1920களில் ஊர் ஊராகப் போய்க் கதைகளைச் சேகரித்துத் தம் நடையில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கைமாறி, 1930இல் லண்டனில் வில்லியம் ராம்சே ஸ்மித் என்பவர் பெயரில் புத்தகமாக வெளிவந்தது. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. உனைப்பன் 1967இல் காலமானார். 1995இல் ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டார்கள். அந்தக் கதைகள் அவர் பெயரோடு புத்தகமானது 2001இல். பணத்தில் முகம் முதலில் வந்தது, புத்தகத்தில் பெயர் ஆறு வருடம் கழித்துத்தான் வந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகு உங்கள் அட்டையைப் பார்த்தால், 'கதையும் படமும் டிக் ரஃப்சி' என்ற விஷயம் வெறும் விவரமாகத் தெரியவில்லை. ஒரு லார்டில் மனிதர் பேனாவையும் தூரிகையையும் இரண்டையும் தானே பிடித்துக்கொண்டு, எங்களைப் போன்ற யாரோ எவருக்கோ கதை சொல்லியிருக்கிறார். மெக்ரேவுக்கும் உனைப்பனுக்கும் கிடைக்காதது அது.

ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் மார்னிங்டன் தீவுக்காரர். கூரியல்லா கேப் யார்க்கின் பாம்பு. உங்கள் தீவில் வானவில் பாம்புக்குத் துவாத்து என்று பெயர். அதன் கதையும் மழைக் கதைதான். துவாத்து தனக்கென்று பெரிய குடில் கட்டிக்கொள்கிறது. கொட்டும் மழையில் தங்கை வந்து, கைக்குழந்தையை மட்டுமாவது உள்ளே கிடத்த இடம் கேட்கிறாள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சாக்குச் சொல்லி மறுக்கிறது. குழந்தை இறந்துபோகிறது. அவள் குடிலுக்குத் தீ வைக்கிறாள். உடம்பெல்லாம் எரிய, துடித்து ஊர்ந்து அது போன தடம் இன்று டூகாங் ஆறாக ஓடுகிறது. கூரியல்லாவை விட எனக்கு இந்தக் கதைதான் நெஞ்சை அடைக்கிறது. சொந்தத் தீவின் கதையைத் தன்வரலாற்றுக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்து நிலத்துக் கதையைப் படப்புத்தகமாக்கியிருக்கிறீர்கள். ஒரு மக்களின் கதையை இன்னொரு மக்களைச் சேர்ந்தவர் சொல்லலாமா? இன்று இந்தக் கேள்வி அங்கே முன்பைவிடக் கறாராகக் கேட்கப்படுகிறது. கேட்பதும் நியாயம்தான். எனக்குத் தோன்றுவது இது: நீங்கள் நடந்துபோய்க் கேட்டவர். அந்தப் பாறைகளின் கீழ்ப் படுத்து உறங்கியவர். இடங்களின் பெயரைக் கதையிலிருந்து பிடுங்காதவர். நானோ கணினிக்கு முன் பஞ்சுக்குச்சியோடு உட்கார்ந்தவள். இருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் கேள்வி உங்களைத் தொடவில்லை என்று சொல்லமாட்டேன்.

சொன்னதற்கு மட்டுமில்லை, சொல்லாமல் விட்டதற்கும் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் மக்களிடம் டாமின் என்று ஒரு மொழி இருந்தது. தீட்சையின் இரண்டாம் படியை அடைந்த ஆண்களுக்கு மட்டும் கற்றுத்தருவது. மிகக் குறைந்த வேர்ச்சொற்களை வைத்துக்கொண்டு உலகத்தையே பேசிவிடுவார்களாம். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் அதில் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அப்படிப்பட்ட சொடுக்கொலிகள் சொற்களாக அமைந்த மொழி வேறில்லை என்கிறார்கள். மிஷன் தீட்சைச் சடங்குகளை நிறுத்தியது. டாமினும் அத்தோடு தேய்ந்தது. எது எல்லாருக்கும், எது சிலருக்கு, எது ஆண்களுக்கு, எது பெண்களுக்கு என்று படிப்படியாகப் பிரித்து வைத்த அறிவு அது. எங்களைப் போன்ற வெளியாருக்கு வருவது வெளிப்படி. குழந்தைகளுக்குச் சொல்லக்கூடிய அளவு. அந்த அளவு தெரிந்து நிறுத்துவதுதான் கடினம்.

நிறுத்தத் தெரியாதவர்கள் இருந்தார்கள். சார்லஸ் மவுன்ட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் இந்தக் கதைகளைப் பொதுமக்களிடம் கொண்டுபோனவர்களில் பேர்பெற்றவர். ஐன்ஸ்லி ராபர்ட்ஸ் என்ற ஓவியரோடு சேர்ந்து அவர் 1965இல் போட்ட படைப்புக் கதைப் புத்தகம் வீட்டுக்கு வீடு இருந்ததாம். கனவுபோல் மிதக்கும் படங்கள். பார்க்க மயக்கும், மறுப்பதற்கில்லை. அதே மவுன்ட்ஃபோர்ட் 1976இல் பாலைவன மக்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் பிட்ஜன்ஜாரா ஆண்கள் பல பத்தாண்டு முன்பு நம்பி அவரிடம் காட்டிய இரகசியங்கள் படத்தோடு அச்சாகியிருந்தன. பெண்களும் தீட்சை பெறாத பிள்ளைகளும் பார்க்கக்கூடாதவை. பிட்ஜன்ஜாரா மக்கள் நீதிமன்றம் போனார்கள். வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றம் அங்கே அந்தப் புத்தக விற்பனைக்குத் தடை விதித்தது. உங்கள் பாம்புக்குப் பரிசு கிடைத்த அதே 1976.

என் புள்ளிகளின் கதையும் இதோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பக்கம் நிறையப் புள்ளி நிரப்பும் அந்த முறை மத்தியப் பாலைவனத்தில் பாப்புன்யா என்ற குடியிருப்பில் 1971க்குப் பிறகு வளர்ந்தது. முதலில் பலகையில் வரைந்தபோது வெளியார் பார்க்கக் கூடாத வடிவங்களும் வந்துவிட, சுற்றுவட்டார மக்கள் கடிந்துகொண்டார்கள். பிறகு புள்ளிகள் பெருகின. அழகுக்கு என்பதோடு, உள்ளே இருப்பதை மறைக்கும் திரையாகவும் என்று சொல்கிறார்கள். நான் என்ன செய்தேன்? ஏறக்குறைய 1500 கிலோமீட்டர் தள்ளி வாழும் வேறு மக்களின் திரைத்துணியை இழுத்து வந்து கேப் யார்க் பாம்பின்மேல் போர்த்தி, பின்னால் மூன்றாவது மக்களின் பாறையை நிறுத்தினேன். தஞ்சாவூர் ஓவியத்தில் ராஜஸ்தான் தலைப்பாகையோடு காஷ்மீர் படகில் முருகன் வருவதை நினைத்துப் பாருங்கள். வெள்ளையர் குடியேறியபோது 250க்கு மேல் மொழிகள் இருந்த கண்டம் அது. எனக்கு அது ஒரே 'பழங்குடி'யாக இருந்தது.

மொழியிலும் ஒரு வழுக்கல் உண்டு. அங்கே படைப்புக் காலத்துக்கு ஆங்கிலத்தில் 'ட்ரீம்டைம்' என்கிறார்கள். அரெர்ன்ட்டே மொழிச் சொல் ஒன்றை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்க்கப்போய் வந்த சொல். ஒவ்வொரு மக்களும் அவரவர் சொல் வைத்திருக்கிறார்கள், வார்ல்பிரிகள் ஜுக்குர்பா என்பார்கள். தமிழில் நாங்கள் அந்த ஆங்கிலத்தை அப்படியே 'கனவுக்காலம்' ஆக்கிவிட்டோம். கனவு என்றதும் நம் காதுக்கு அது பொய்யாகிவிடுகிறது, காலம் என்றதும் முடிந்துபோனதாகிவிடுகிறது. இரண்டும் இல்லை. ஸ்டானர் என்ற மானிடவியலாளர் 1953இல் இதற்கென்றே ஒரு புதுச்சொல் உண்டாக்கினார், 'எக்காலமும்' என்பது போன்ற பொருளில். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆறு இப்போதும் ஓடுகிறது, ஆகவே துவாத்து இப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. தமிழில் நல்ல சொல் கிடைக்கும்வரை நான் 'படைப்புக் காலம்' என்று எழுதிக்கொள்கிறேன். முழுசாகச் சரியில்லை என்று தெரிந்தேதான்.

சரி, அந்தப் பதினொரு படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதிப்பகத்துக்குப் போனேன். இது கேப் யார்க் மக்களின் கதை, டிக் ரஃப்சி என்பவர் ஏற்கனவே புத்தகமாகச் செய்திருக்கிறார், முறைப்படி அனுமதி வாங்கி அதையே தமிழில் கொண்டுவரலாம், குறைந்தபட்சம் எந்த நிலத்துக் கதை என்று உள்பக்கத்தில் போடலாம், நீதியை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். எதிரே இருந்தவர் நல்லவர்தான். டீ வரவழைத்தார். 'குழந்தைங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு டீடெய்ல்? படம் கலர்ஃபுல்லா இருந்தாப் போதும்' என்றார். படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று மாத வாடகை அது. வீட்டில் திட்டு விழுந்தது. வேறு ஒருவர் வரைந்து புத்தகம் வந்துவிட்டது. அதிலும் புள்ளிதான்.

நான் என்னவோ தியாகம் செய்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. உங்கள் புத்தகம் ஒரு மாதம் முன்னால் கைக்கு வந்திருந்தால் பஞ்சுக்குச்சிக் காசாவது மிஞ்சியிருக்கும்.

நன்றி வேறொன்றுக்கு. அதன் பிறகு என் வேலை மாறியது. சென்ற ஆண்டு நீலகிரிப் பக்கத்துக் கதை ஒன்று வந்தபோது, தூரிகையைத் தொடுமுன் பஸ் ஏறினேன். கதை சொன்ன அம்மாவின் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பாறை என்று கேட்டேன், காட்டினார். ஓர் இடத்தில், 'இதைப் படமாப் போடாதே, சொன்னதோட இருக்கட்டும்' என்றார். போடவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் வெறும் மலைதான், ஆட்கள் நகக்கண் அளவில். கதை சொன்னவர் பெயர் அட்டையில், என் பெயருக்கு மேலே. அவர் பேத்தி அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்ததாகப் போனில் சொன்னார்.

உங்கள் பழைய பிரதியை என் மேசையில்தான் வைத்திருக்கிறேன். டேப் மறுபடி விட்டுவிட்டது, ஒட்ட வேண்டும். பச்சைக் கோட்டை அழிக்கப் போவதில்லை.

கடைசியாக, இந்த மடலை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்களுக்கும் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை புத்தகக் காட்சியில் ஒரு பழங்குடிக் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், படத்தில் மயங்குமுன் உள்பக்கத்தைத் திருப்புங்கள். எந்த மக்களின் கதை, எந்த நிலம், யார் சொன்னது என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் கடையில் இருப்பவரிடம் கேளுங்கள். பத்து பேர் கேட்டால் பதினோராவது பதிப்பில் போடுவார்கள்.


படம் போடுகிறவள்,
சென்னை.